எழுத்துக்கு முதல் கேட்கவேண்டியது

இல்லை அண்ணை, உங்கட மகள் மேனுகா மொக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கதிரை ஆடும், இதில இருங்கோ. என்ர வகுப்பில ஒழுங்கா வாசிக்கிறவள் அவள்தான். பிழை எங்க விட்டவள் எண்டா, இலங்கை, இந்திய அரசியலமைப்புகளை ஒப்பிடு எண்டு கேள்வி. அவள் எங்கட ஜனாதிபதியின்ர அதிகாரத்தை அப்பிடியே இந்திய ஜனாதிபதிக்கும் குடுத்திட்டாள். டெல்லியில ஜனாதிபதிதான் அமைச்சரவைக் கூட்டம் நடத்திறதாம். அதுக்கு நான் புள்ளி போடேலாது.

இதைக் கேக்கவோ புளியங்குளத்தில இருந்து பஸ் ஏறி வந்தனீங்கள்? அப்ப முழுக்கக் கேட்டுக்கொண்டு போங்கோ.

முதல் நிறைவேற்றுத்துறை. இந்தியாவில ஜனாதிபதியைச் சனம் நேர தெரிவு செய்யிறேல்லை. பாராளுமன்ற உறுப்பினரும் மாநிலச் சட்டசபை உறுப்பினரும்தான் தெரிவு செய்யினம். அமைச்சரவை சொல்லுற ஆலோசனைப்படிதான் ஜனாதிபதி நடக்கோணும். ஒருக்கா, திரும்ப யோசியுங்கோ எண்டு அனுப்பலாம். அமைச்சரவை அதையே திருப்பி அனுப்பினால் ஏற்கத்தான் வேணும். எங்கட நாட்டில அரச தலைவரும் ஜனாதிபதிதான், அரசாங்கத் தலைவரும் ஜனாதிபதிதான், அமைச்சரவைத் தலைவரும் ஜனாதிபதிதான். உங்கட வீட்டில எப்பிடி? சிரிக்காதேங்கோ, வகுப்பிலயும் கேக்கிறனான். இண்டைக்கு உங்களை இஞ்ச அனுப்பினது ஆர்? மனுசியோ. அப்ப நீங்கள் இந்திய ஜனாதிபதி.

ஓ, வீட்டில கலியாணமோ. அதுதான் மேனுகாவுக்குக் கவனம் சிதறினது. மூத்தவள் சிவதர்சினிக்கு. நல்லது. எழுத்து எப்ப? வாற திங்களோ. பதிவாளர் வீட்டுக்கே வாறாரோ. மாப்பிள்ளை இந்தியாவில, அகதி முகாமில இருந்து வந்தவர். வயசு கூடத்தான், பரவாயில்லை. படம் போனில இருக்கோ? தாங்கோ.

ம். இதைக் கொஞ்சம் பெருசாக்கி விடுங்கோ.

ஓம். தெளிவான படம். பேர் என்ன சொன்னனீங்கள்? ஜனார்த்தனன். ஓம்.

எங்க விட்டனான்? சட்டத்துறை. இந்தியாவுக்கு இரண்டு சபை, எங்களுக்கு ஒண்டு. மேல்சபை மாநிலங்களுக்காக இருக்கிறது. இஞ்ச மாகாணசபை இருந்தாலும் பாராளுமன்றத்தில அதுக்கெண்டு ஒரு சபை இல்லை. இல்லை அண்ணை, தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்டும் இல்லை.

விசாரிச்சனீங்களோ? முகாமில ஆக்களிட்டக் கேட்டனீங்கள். தனியாத்தான் இருந்தவராம், குடியில்லையாம். அங்க அப்பிடித்தான் இருந்திருப்பார். இஞ்ச விசாரிச்சனீங்களோ? ஊர் கிளிநொச்சிப் பக்கம் எண்டவர். கிளிநொச்சிப் பக்கம் பெரிய பக்கம் அண்ணை. சொந்தமெண்டு சொல்ல ஒருத்தரும் மிஞ்சேல்லையோ. முதல் மனுசியும் கைக்குழந்தையும் கடைசிச் சண்டையில செத்துப்போட்டினம் எண்டவரோ. அழுதவரோ? ம்.

மிச்சம் நீதித்துறை. இதை மேனுகாவுக்கும் சொல்லிவிடுங்கோ. இந்தியாவில ஒரு சட்டம் நிறைவேறி எத்தினை வருசம் போனாலும், அரசியலமைப்புக்கு முரண் எண்டா உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதெண்டு சொல்லலாம். எங்கட நாட்டில அது இல்லை. சட்டமூலமா இருக்கேக்குள்ள, குறிச்ச தவணைக்குள்ள போய்க் கேள்வி கேக்கோணும். நிறைவேறி, சபாநாயகர் கையெழுத்து வைச்சால் முடிஞ்சுது. பிறகு அது செல்லுமோ எண்டு ஒரு நீதிமன்றமும் கேக்கேலாது.

கலியாணம் அப்பிடியில்லை, தெரியும். எழுதின பிறகும் செல்லாதெண்டு தீர்க்கலாம். ஆனா அதுக்கு உங்கட சிவதர்சினி கோட்டில ஏறி நிக்கோணும். அந்தப் பிள்ளையை நான் கண்டதில்லை. எண்டாலும் அவளை அங்க நிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. அதால இப்பவே சொல்லுறன்.

அவரின்ர மனுசி சாகேல்லை அண்ணை. உங்களோட கதைச்சுக்கொண்டு இருக்கிறா.

அவர் பொய் சொன்னவரெண்டு நான் சொல்லேல்லை. முந்திப் படகில இந்தியாவுக்குப் போனவர், பிறகு எங்களைக் கூப்பிடுறதாத்தான் கதை. அதுக்குள்ள சண்டையில பாதை பூட்டிட்டுது. செத்திட்டம் எண்டு உண்மையாவே நம்பியிருக்கலாம். ஒருக்கா விசாரிச்சிருக்கலாம் எண்டும் சொல்லலாம். இரண்டுக்கும் இடமிருக்கு. நானும் அவரைக் கடல் கொண்டுபோட்டுது எண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான். உங்கட போனைப் பாத்துத்தான் எனக்கே தெரியும்.

பிள்ளையும் சாகேல்லை. அனோஜா எண்டு பேர். மேனுகாவுக்குப் பக்கத்தில இருந்து படிக்கிறவள். இந்தக் கேள்விக்கு அவள் முழுப்புள்ளி.

எழும்பாதேங்கோ. பெலத்துக் கதைக்கவும் வேண்டாம். குசினியில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறாள், கொண்டு வருவாள். போனை மட்டும் கவிட்டு வையுங்கோ.

உங்களுக்குச் சீனி போடச் சொல்லட்டோ?