மௌனம் கேட்ட கம்பளியார்

பனிக்காலம் எங்கள் காட்டுக்கு விருந்தாளியாக வருமேயன்றி ஒருநாளும் குடியேறியதில்லை. பகலெல்லாம் வெயிலே ஆண்டிருக்க, விடியலுக்குச் சற்று முன்பு மட்டும் வெண்பனி மெல்ல இறங்கிப் புல்நுனிகளில் அமரும். மரங்கள் அசையாமல் நிற்கும். வாடை, சொல்ல வந்ததை மறந்தவர்போல் வாசல்வரை வந்து திரும்பிவிடும். பழம்பாடல்களில் தலைவியரை வாட்டிய குளிர் இதுவாக இருக்க இயலாது. இதற்கு ஒரு மெல்லிய துண்டு போதும்.

ஆயினும் இக்குளிரைக் கண்டு களிக்க நகரத்தார் கூடாரங்களோடு வருவர். அரசுக் காட்டிலுள்ள அந்த முகாமுக்குப் பதினெட்டு ஆண்டுகள் காப்பாளனாக இருந்தேன். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், ஐயா. நானும் பொறுமையாகவே சொல்கிறேன்.

அவ்வாறு வருவோரில் ஒருவரை மனத்துக்குள் கம்பளியார் என்று அழைப்பேன். தலை, கழுத்து, கை, கால் எங்கும் கம்பளி. அதனுள்ளே வியர்வை ஆறாக ஓடும். இயற்கையோடு தனித்திருப்பதற்காக ஒலிப்பெருக்கி, ஜெனரேட்டர், மடக்குக் கட்டில் ஆகியவற்றோடும் மனைவியோடும் ஆண்டுதோறும் எழுந்தருளுவார்.

விடியலில் இறைவனைப் பாடுவது என் வழக்கம். இம்முறை அவர் வந்த மறுநாளே என்னிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. காட்டோட மௌனத்தைப் பதிவு பண்ண வந்திருக்கோம். நடுவுல உங்க கச்சேரி வந்து விழுது."

"கச்சேரி இல்லீங்க, வழிபாடு."

"சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்கும்? மனசுக்குள்ளயே பாடுங்களேன்."

"விடுங்க, அண்ணா நல்லாத்தான் பாடுறார்," என்றார் அவர் மனைவி. அந்த அம்மையார்மீது எனக்கு எக்குறையும் இல்லை.

கம்பளியார் மேலிடத்துக்கு எழுதினார். நான்கே நாளில் ஆணை வந்தது: காலை எட்டு மணிவரை ஊழியர் எவரும் எவ்வகை ஓசையும் எழுப்பலாகாது. அதை நானே அறிவிப்புப் பலகையில், ஓரம் பிசகாமல் ஒட்டினேன்.

முகாமின் ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வருவோர் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசிலை மாட்டி அனுப்புவேன். வழி தவறினால் அவர்கள் மும்முறை ஊதவேண்டும். நான் ஒருமுறை பதில் ஊதி, அத்திசை நோக்கி நடக்கவேண்டும். இவ்வாறு இருபத்தாறு பேரை மீட்டிருக்கிறேன். அவர்களில் மூவர் நன்றி சொன்னார்கள்.

மறுநாள் விடியுமுன் தனியே சுனைக்குப் போய் மௌனத்தைப் பிடித்துவரப் போவதாகக் கம்பளியார் அறிவித்தார். வழியில் ஒரு கவை உண்டு. இடப்பக்கம் சுனை, வலப்பக்கம் கைவிடப்பட்ட கற்குழி. அங்குள்ள அம்புக்குறிப் பலகையின் ஆணி தளர்ந்திருப்பதால் காற்றில் திரும்பிவிடும். மாலைதோறும் போய் அதைத் திருத்துவது என் கடமை. அன்றும் போய்த் திருத்தினேன்.

காலை ஆறு மணிக்கு விசில் கேட்டது. மூன்று முறை. சற்று இடைவெளி. மீண்டும் மூன்று. அம்மையார் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார்.

"அண்ணா, அது என்ன சத்தம்? விசில் மாதிரி இருக்கே?"

"சீட்டிக்குருவிம்மா," என்றேன் தாழ்ந்த குரலில். ஆணை இருக்கிறதல்லவா? "பனிக்காலத்துல ஜோடியைத் தேடிக் கூப்பிடும்."

"பாவம், பதிலே வரலையே." கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தார்; குருவியின் பெயரை மறுபடி கேட்டு, என்னையும் அதில் சொல்லவைத்தார். "அவர் வந்ததும் போட்டுக் காட்டணும். மௌனம் மௌனம்னு போனவருக்கு இதெல்லாம் எங்க காதுல விழப்போகுது?"

அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார்; அவ்வாறே போட்டேன். ஏழே முக்காலுக்குக் குருவி ஓய்ந்தது.

எட்டு மணி அடித்ததும் விதிப்படி பதில் ஊதினேன். விதியையோ ஆணையையோ நான் மீறியதாக எவரும் சொல்ல இயலாது. ஆனால் என் விசிலைக் கேட்டதும் அம்மையார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். என் கழுத்தைப் பார்த்தார். தம் கழுத்தில் தொங்கியதைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணா," என்றார்.

அந்தப் பதிவைத்தான் நேற்று எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். தெளிவான பதிவு. என் குரலும் தெளிவாகவே விழுந்திருக்கிறது. பலகையைத் திருத்தினேன் என்றேனே, எப்பக்கமாக என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. வலப்பக்கமாக. இனி அசையாதிருக்க, புதிய ஆணி ஒன்றும் அடித்தேன். அவர்மீது எனக்குச் சினம் ஏதுமில்லை. சினந்தவன் கை நடுங்கும், ஆணி கோணும். நீங்களே போய்ப் பாருங்கள், நேராக இருக்கும்.

இப்போது அவர் சொன்னபடி மனத்துக்குள்தான் பாடுகிறேன். இன்று விடியலில் இவ்வறைச் சுவரில் சிறிது வெளிச்சம் விழுந்தது. அதன்முன் கைகூப்பி நின்று, உதடசையாமல் ஒரு திருப்பாட்டைப் பாடி முடித்தேன். அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

விரும்பிக் கேட்ட மௌனம் அவருக்குக் குறைவின்றி வாய்ப்பதாக.