ஓட்டியே வாங்கிய லைசென்ஸ்

திருநின்றவூர் போகும் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு அக்காவும் தங்கச்சியும். தங்கச்சி அயர்லாந்தில் நர்ஸாம், லீவில் வந்திருக்கிறாள். அவள் சொன்ன ஒரு வரியைக் கேட்டு நான் இயர்போனையே கழற்றிவிட்டேன்.

"அங்க டிரைவிங் டெஸ்ட் எடுக்குற ஆபீஸரு என்னை ரெண்டு வாட்டி ஃபெயில் பண்ணாருக்கா. அவ்ளோ நல்ல மனுஷன்!"

"ஃபெயில் பண்ணவன் நல்லவனா? குடுக்க வேண்டியத குடுத்தியாடி?"

"ரெண்டாவது வாட்டி மைசூர்பாக் டப்பா எட்துகினு போனேன். ஊடு ஊடா போய் பேஷண்ட்ட பாக்குற வேல, கார் ஓட்டலன்னா வேல பூடும்னு பயம். அவரு டப்பாவ தொடவே இல்ல. 'பையில வை, இல்லன்னா டெஸ்ட்டே கெடையாது'ன்னுட்டாரு."

"அப்பால?"

"ஒரு மாசம் டெய்லி ரிவர்ஸ் எடுத்து பழகினேன். மூணாவது வாட்டியும் அதே ஆளு. பாஸ்!"

"இங்கயே உனக்கு லைசென்ஸ் கீதே?"

"அது எட்டு கூட போடாம டிரைவிங் ஸ்கூல்காரன் வாங்கி குடுத்தது. அதுல என்னுதுன்னா போட்டோ மட்டும்தான்."

தங்கச்சி பர்ஸிலிருந்து புது கார்டை எடுத்தாள். அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கி, பக்கத்து சீட்டுப் பூக்காரம்மாவிடம் நீட்டினாள்.

"பாரும்மா, என் தங்கச்சிது. ஒரு மைசூர்பாக் கூட குடுக்கல, ஓட்டியே வாங்கிகினு வந்துகீறா!"