வண்டி திரும்பி வருகிறது என்று நான் சொன்னது

நான் மேற்படி முகவரியில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், அச்சகத்தின் மாடியில் என் தங்கையுடன் குடியிருக்கிறேன். வயது முப்பத்தொன்று. நகரத்துக்கு வரும் பயணிகளைக் காலையில் மலைப் பூங்காவுக்கு வேனில் அழைத்துப்போய் மாலையில் விடுதிகளில் இறக்கிவிடும் நிறுவனத்தில் வழிகாட்டியாக வேலை செய்கிறேன்.

சம்பவத்தன்று காலை பூங்கா வாசலைக் கடந்ததும், வழக்கம்போல் பெரியவர்கள் எல்லோருக்கும் நிறுவனத்தின் குளிர்கோட்டுகளைக் கொடுத்தேன். குழந்தைகளின் அளவுக்குக் கோட்டு கிடையாது. திரும்பும்போது அவரவர் கோட்டைக் கழற்றித் தந்துவிட்டு வண்டியில் ஏறுவார்கள். ஓட்டுநர் அவற்றைக் கொக்கிகளில் மாட்டுவார். கொக்கிகள் நிறைந்தால் ஆள் நிறைந்ததாகக் கணக்கு. நாங்கள் தலைகளை எண்ணுவதில்லை. அன்று ஓட்டுநர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், பயணிகளைச் சிரிக்கவைக்க, "கோட்டு தொலைஞ்சா முதலாளி என் தோலை உரிச்சுத் தைச்சுக்குவாரு, ஆளு தொலைஞ்சா அவருக்குக் கவலையில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு உச்சியில் உள்ள காட்சி மேடைக்குப் போனோம். கடைசி இருக்கையில் தனியாக வந்தவர், ஒரு தாயிடம், "பாப்பா நடுங்குதுங்க, இதைப் போட்டுவிடுங்க, எனக்கு நடந்தா சூடுதான்" என்று தன் கோட்டைக் கொடுத்ததாக அந்தத் தாய் பிறகு சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு, இருட்டும் நேரத்தில், மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். தாய் இரண்டு கோட்டுகளையும் தந்தார். கொக்கிகள் நிறைந்தன. மாமா வண்டியை எடுத்தார்.

பூங்கா வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதும் என் கைப்பேசி அடித்தது. "அக்கா, வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க? மேடையில யாரையும் காணோமே" என்றது ஓர் ஆண் குரல். திரும்பிப் பார்த்தேன். கடைசி இருக்கையில் பை மட்டும் இருந்தது. "சார், அங்கேயே இருங்க, எங்கயும் நகராதீங்க, வண்டி திரும்பி வருது" என்றேன். "சரிக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். தொடர்பு அறுந்தது.

அதன் பிறகு வண்டியைத் திருப்பினோம். வாசல் பூட்டியிருந்தது. காவலர் திறக்கவில்லை. "சாவி என்கிட்ட இருக்கு, உத்தரவு என்கிட்ட இல்லம்மா. இருட்டினப்புறம் திறந்தா என் வேலை போயிடும்" என்றார். மாமா, "வேலை போனா இன்னொரு வேலை. ஆளு போனா?" என்று கேட்டார். காவலர் தன் போனை எடுத்தார். மேலதிகாரியை அழைத்துக் கொடுத்தார். விடிந்ததும் குழு போகும் என்று மேலதிகாரி சொன்னார். நான் அவர் காலில் விழக்கூடத் தயார், அவர் போனில் இருந்தார்.

மேடைக்குக் கீழே இரண்டாவது வளைவில் வனக்காவலர் ஓய்வறை இருக்கிறது. அதை யாரும் பூட்டுவதில்லை. உள்ளே கம்பளி உண்டு. இது தொடர்பு அறுந்த பிறகுதான் என் நினைவுக்கு வந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து, ஓய்வறை, ஓய்வறை என்று கத்தினேன். கேட்கும் தூரமில்லை என்று எனக்குத் தெரியும்.

விடிந்த பிறகு குழுவுடன் என்னையும் அழைத்துப்போனார்கள். அவர் மேடையின் பெஞ்சில், பாதை தெரியும் பக்கமாகத் திரும்பி, உட்கார்ந்த நிலையில் இருந்தார். சட்டை நனைந்திருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். இவர்தானா என்று கேட்டார்கள். இவர்தான் என்றேன்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இந்த வாக்குமூலத்தை எழுதிய அதிகாரி முதலில், மேற்படி நபர் தன் விருப்பப்படி அங்கேயே தங்கிவிட்டார் என்று எழுதியிருந்தார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். "உனக்குத்தாம்மா அது நல்லது" என்றார். அடித்துவிட்டு, நான் சொன்னதால் இருந்தார் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
வழிகாட்டி