கஞ்சி வரிசையில் நின்ற பையன்

— சிரிக்காதீங்க மச்சான். ரெண்டாவது பக்கம் சோகமான எடம்.

— சோகந்தான் சுரையா, ஒத்துக்கிறேன். ஆனா நோன்புக் கஞ்சி வாங்க நின்ன வரிசைய 'முடிவில்லாத வரிசை'ன்னு எழுதியிருக்கியே. நம்ம பள்ளிவாசல்ல மொத்தமே இருவது பசங்கதான் தூக்குவாளியோட நிப்போம்.

— கதைல கொஞ்சம் நீட்டிக்கலாம். லாஸ்பேட்டை எழுத்துப் பட்டறைல அமுதவல்லி மேடம் என்னா சொன்னாங்க? உனக்கு எது வலிச்சிச்சோ அதுலேர்ந்து எழுதுன்னாங்க. எனக்கு வலிச்சது இந்த எடது கை. எட்டு வயசுல கொதிக்கிற கஞ்சி கொட்டி, பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். இந்தத் தழும்பு வேற எதுக்கு ஆவும்? கதைக்காச்சும் ஆவட்டும்.

— ஆவட்டும், ஆவட்டும். பரிசு கெடச்சா அந்தக் கைக்கு ஒரு வளையல் வாங்கிப் போட்டுருவோம்.

— மூணாவது பக்கத்துக்கு வாங்க. அஞ்சு மணிக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். முக்கா மணி நேரந்தான் இருக்கு.

— வந்துட்டேன்... யாரு இந்தப் பையன்?

— எந்தப் பையன்?

— வரிசைல உனக்குப் பின்னாடி நிக்கிறவன். தூக்கு நெறஞ்சதும் நீ திரும்புற, அவன் இடிச்சிக்கிட்டு முன்ன வரான், கஞ்சி உன் கைல கொட்டுது.

— அவன்தான் வில்லன். எப்பிடி?

— அவன எடுத்துரு.

— என்னாது?

— எடுத்துரு புள்ள. கதை இன்னும் நல்லா வரும்.

— அவன எடுத்தா கதையே இல்ல மச்சான்! ஆபீசுக்கு லீவு போட்டு உக்காந்து எழுதுனது.

— சரி விடு, இருந்துட்டுப் போவட்டும். 'பேராசை புடிச்ச கண்ணு'ன்னு போட்டிருக்க பாரு, அத மட்டும் மாத்து. பத்து வயசுப் பையனுக்கு என்னா பேராசை? நோன்பு தொறக்கப் பாங்கு சொல்லப் போறாங்க, வீட்டுல எல்லாரும் கஞ்சிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. அவசரம், அவ்ளோதான்.

— அவனுக்கு வக்கீலா நீங்க?

— அப்புறம் இது. 'சிரிச்சிக்கிட்டே ஓடிப்போனான்.' அநியாயம் சுரையா! அழுதுக்கிட்டுதான் ஓடுனான்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அதான் நீ கண்டுபிடிச்சிட்டியே! இத்தன வருஷம் மனசுல வச்சிருந்து, மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த கேக்காம, கதையா எழுதி என் கைலயே குடுத்துட்டியே. நாந்தான். இடிச்சது நாந்தான். அன்னிக்கு நோன்புகூடத் தொறக்காம கட்டிலுக்கு அடில படுத்துக் கெடந்தேன். பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. பாவம் பாத்துக் கட்டல, புடிச்சித்தான் கட்டுனேன், அத மட்டும் நம்பு. ஆனா ஆறு வருஷமா தெனமும் அந்தக் கையப் பாக்குறேன்... ஏன் இப்பிடிப் பாக்குற?

— மச்சான்... அந்தப் பையன் பொய்யி.

— பொய்யா?

— கதைன்னா யாராச்சும் ஒருத்தன் வேணுமேன்னு நானா சேத்தேன். அன்னிக்கு என் பின்னாடி யாரு நின்னாங்கன்னே எனக்குத் தெரியாது. பராக்குப் பாத்து நானே கொட்டிக்கிட்டேன்னு அம்மா சொன்னாங்க. அத நம்பி இருவது வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்.

— கோவமா சுரையா?

— கோவம் அப்புறம் வரும். இருங்க, என் மேல தப்பே இல்லன்னு மொதல்ல கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கிறேன்.