வெறும் காத்துதான் மதினி

ஹலோ... ஆமா, மலிகாதான்... மதினியா? ஏன் மதினி அழுவுறீக?... யாருக்கு?... அல்லாவே! யாரு சொன்னா உங்ககிட்ட?... மதினி, மதினி, கொஞ்சம் நான் சொல்றதக் கேளுங்க. உங்க தம்பிக்கு ஒண்ணுமில்ல. இந்தா, எனக்கு முன்னால உக்காந்து இடியாப்பம் திங்கிறாக...

சத்தியமா மதினி... சரி, இருங்க. மச்சான், வாயில இருக்கிறத முழுங்கிட்டு ஒங்க லாத்தாகிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க...

கேட்டுச்சா?... ஆமா, அதே கரகரத்த கொரலுதான். உசுரு போயி மவுத்தான மனுசன் தேங்காப்பாலு பத்தலம்பாரா?... அழுவாதீக. இப்ப எங்கன இருக்கீக?... பரமக்குடியா! மதுரையிலருந்து பஸ் ஏறியே வந்துட்டீகளா?

யாருதான் சொன்னா?... பக்கத்து வீட்டு உம்மு ஹபீபா மாமியா? ஓ, புரிஞ்சு போச்சு. எல்லாம் பாலு ஊத்துற பஞ்சம்மா வேல. நேத்து உங்க தம்பி மத்தியானம் தின்னுட்டுப் படுத்திருந்தாக. அவ சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு பாலு கூட ஊத்தாம மாமி வீட்டுக்கு ஓடுனா... ஆமா ஆமா, மூக்குல மூடி, குழா, பக்கத்துல மிஷினு, எல்லாம் நெசந்தான். ஆனா ஆக்ஸிஜன் இல்ல மதினி. வெறும் காத்து... காத்துதான். தூங்குறதுக்கு...

கொறட்டைக்குத்தான்... சிரிக்காதீக. சும்மா கொறட்ட இல்ல, நடுவுல மூச்சே நின்னுரும்... ஆமா. தொண்ட அடச்சுக்கிருதாம். நான் பக்கத்துல படுத்துக்கிட்டு, அடுத்த மூச்சு வருதா வருதாண்டு பாத்துக்கிட்டே கெடப்பேன். உலுக்கி விட்டாத்தான் 'ஹா'ண்டு இழுப்பாக... எத்தனையோ வருசமா. உங்ககிட்ட என்னத்தச் சொல்ல?

அதுல வந்த வென தெரியுமா? நோம்புப் பெருநா முடிஞ்ச கையோட ஒரு குடும்பத்த வேன்ல ஏத்திக்கிட்டு ராமேஸ்வரம் போனாக. பாம்பன் பாலத்துல ஓட்டிக்கிட்டே கண்ணசந்துட்டாக... பட்டப்பகல்ல மதினி! வண்டி ஓரச் சுவத்துல உரசி நின்னுச்சு... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல, அல்ஹம்துலில்லா. உள்ள கைப்புள்ளக்காரி ஒருத்தி இருந்திருக்கா. வீட்டுக்கு வந்தவுக வண்டிச் சாவிய என் கையில குடுத்துட்டாக. 'இனி வண்டியத் தொட மாட்டேன் புள்ள'ண்டு படுத்துட்டாக.

பெறகுதான் மதுரைக்குப் போயி... ஆமா, உங்க வீட்டுக்கு வரல. தப்புத்தான். நேர்ல வந்து ஏசுங்க. தலையெல்லாம் ஒயர ஒட்டி ஆஸ்பத்திரியிலயே தூங்க வச்சுப் பாத்தாக. மிஷின மாட்டித்தான் படுக்கணும், சரியாகுற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதுண்டுட்டாரு டாக்டரு.

மாட்டணுமில்ல? 'கடலுக்குள்ள முக்குற மாதிரி இருக்கு'ண்டு பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சாக. வாயத் தொறந்தா காத்து புஸ்ஸுண்டு வெளிய வரும். எனக்குச் சிரிப்பு, அவுகளுக்குக் கோவம். நடுவுல கரண்டு வேற போயிரும்... உங்க ஊர்லயுமா?... ஒரு நா மிஷினக் கட்டி பரண்ல போட்டுட்டாக. நான் எறக்குனேன். 'மாட்டலண்டா எங்க உம்மா வீட்டுக்குப் போயிருவேன்'ண்டேன்... நெசமாத்தான் சொன்னேன். தெனமும் முழிச்சுக் கெடந்து பயப்பட என்னால ஏலாது மதினி...

டாக்டர்தான் போன்ல ஒரு ரோசன சொன்னாரு. முழிச்சிருக்கயில மாட்டிப் பழகச் சொல்லி. கிரிக்கெட்டு ஓடயில டிவி முன்னால மாட்டிக்கிட்டு உக்காந்தாக. அவுட்டுண்டு கத்த முடியாம தொடையில அடிப்பாக பாருங்க... சிரிங்க, சிரிங்க. அப்படியே பழகிருச்சு. இப்ப அது இல்லாம பகல்ல கூடக் கண்ணசர மாட்டாக.

இன்னொண்ணு கேளுங்க. போன வெள்ளிக்கெழம சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சு சும்மா உக்காந்திருக்காக. என்னண்டா, 'கனா கண்டேன் புள்ள'ங்கிறாக. கனா கண்டே பல வருசமாச்சாம். மவுத்தாப் போன உங்க உம்மா வந்து, 'சீனி, ஏன்டா மெலிஞ்சு போன?'ண்டு கேட்டாகளாம்... அந்த ஒடம்பப் பாத்து!... மதினி?... மறுபடியும் அழுவுறீகளா?...

சரி, சரி... வண்டியா? இனி ஓட்டலாம்ண்டு டாக்டரு சொல்லிட்டாரு. இவுகதான் கிட்டயே போக மாட்டேங்கிறாக. பயம். நானும் வற்புறுத்தல...

திரும்பிப் போறீகளா? நல்லாருக்கே! இம்புட்டுத் தூரம் வந்துட்டு? ராமநாதபுரத்துல எறங்கி கீழக்கர பஸ்ஸப் பிடிச்சு... ஒரு நிமிசம். என்ன மச்சான்?... என்னது?... நெசமாவா?...

மதினி... இல்ல, லைன்லதான் இருக்கேன்... பஸ்ஸெல்லாம் மாற வேணாம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க. 'லாத்தாவ நானே போயிக் கூட்டியாரேன்'ங்கிறாக... ஆமா, வேன்லதான்... எனக்கென்ன, நான் ஒண்ணும் அழல. நீங்க சும்மா இருங்க... பின்ன? நானும்தான் வாரேன், முன் சீட்டுல... அய்யோ, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாக! மச்சான், இருங்க, செருப்பப் போட்டுக்கிட்டு வாரேன்! வச்சிர்றேன் மதினி, வச்சிர்றேன்...