சிவப்புத் துணி கட்டிய கம்புகள்

எதையும் இரண்டு தடவை சரிபார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாறசாலை பஸ் நிறுத்தம் வரை நடந்தபின், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. நீங்கள் என் டைரியைக் கேட்டீர்கள், சார். அதோடு சேர்த்துப் படிக்க இதையும் எழுதித் தருகிறேன். உங்கள் விசாரணைக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. கிருஷ்ணம்மாக்கா கம்புகளைத் தாண்டிப் போய் விழுந்ததாக அதில் இருக்கிறது. அவர் தாண்டவில்லை.

கொல்லயிலில் கல் உடைத்து முடித்து மூடிக் கிடக்கும் பாறமடையில்தான் எனக்கு வேலை. வடக்கே நிலக்கரி தோண்டி முடித்த நிலங்களில் பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவந்த முறையை இங்கேயும் செய்து பார்க்கிறார்கள். கழிவு மண்ணின் மேல் நல்ல மண் பரப்பி, இந்த ஊர் மரங்களை மட்டும் நட்டோம். மருது, புன்னை, வேங்கை என்று நானூறு கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய தகடு கட்டியது நான். மூன்றாம் வருடப் பரிசோதனையில் குறைந்தது முந்நூற்று இருபது உயிரோடு இருக்க வேண்டும். குறைந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரமான மாஞ்சியத்தை நட்டுவிடுவார்கள் என்று மேற்பார்வையாளர் சுனில்குமார் சார் சொல்லியிருந்தார். ஜூன் மாதத் தொடக்கத்தில் முந்நூற்று முப்பத்தொன்று இருந்தன. பரிசோதனை மாதக் கடைசியில்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. மடையில் நாற்பது அடித் தண்ணீர். அதன் விளிம்பில் கொட்டிய மண் மழையில் இளகிவிடும். திங்கட்கிழமைதோறும் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, தரை உறுதியாக உள்ள இடம் வரை சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நடுவேன். அதற்கு அப்பால் யாரும் கால் வைப்பதில்லை.

கிருஷ்ணம்மாக்காவுக்கு இரண்டு பசுக்கள். தினமும் காலையில் புல்லறுக்க வருவார். கம்புகளை ஒட்டித்தான் புல் செழிப்பாக இருக்கும். விளிம்புப் பக்கம் போகாதே என்று கூட வேலை செய்யும் புஷ்பபாய் ஒருமுறை தடுத்தபோது, அக்கா என் பெயரைச் சொல்லிப் பதில் சொன்னதை நான் கேட்டேன். "இது சோனா குத்தின கம்பாக்கும். இதுக்க இங்கோட்டு நின்னா ஒரு பேடியும் பயமும் வேண்டாம்."

அந்த மாதம் கன்றுகள் அறுபடத் தொடங்கின. தண்டு சாய்வாக, கத்தி வைத்தாற்போல் துண்டாகியிருந்தது. அரிவாளோடு அங்கே வருகிறவர் ஒருவர்தான். அவர் கட்டிய புல்லை அவிழ்த்துப் பார்த்தேன். இலை ஒன்றும் இல்லை. வழியில் எறிந்திருக்கலாம் என்று எழுதிவைத்தேன். அவர் எந்தப் பக்கம் குனிகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் எழுதினேன். முயல் கடித்தாலும் தண்டு அப்படித்தான் அறுபடுமாம். அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"மக்கா, நான் எதுக்கு உனக்க செடிய வெட்டுதேன்? எனக்க பசு புன்னை தின்னுமா? நீ எண்ணி எண்ணியே அதுகளுக்குக் கண்ணு பட்டுப்போச்சு. உனக்க கை அப்படியாக்கும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். சுனில்குமார் சாரும் சிரித்தார். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் கை ராசியில்லாததோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு. அக்கா சொன்னதை அப்படியே டைரியில் எழுதினேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல் கம்பியால் குத்திப் பார்த்தேன். விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு வெடிப்பு இருந்தது. கம்புகளைத் தண்ணீர்ப் பக்கம் மூன்றடி தள்ளி நட்டேன். அக்கா கன்றுகளை விட்டு விலகி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். துணிகளைப் புதிதாகக் கட்டினேன்.

மறுநாள் காலை நான் மேட்டில் புன்னைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மண் சரியும் சத்தம் கேட்டது. பிறகு அவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். இரண்டு தடவை. இன்னும் பதினேழு கன்றுகள் பாக்கி இருந்தன. நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணி முடித்துவிட்டுப் போனபோது தண்ணீரில் புல் மட்டும் மிதந்தது. கம்புகள் சில சரிவில் சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்து, நகர்த்துவதற்கு முன் இருந்த பழைய இடத்திலேயே நட்டேன். அதன் பிறகுதான் சுனில்குமார் சாரைக் கூப்பிட்டேன்.

அக்கா போன பிறகும் நான்கு கன்றுகள் அறுபட்டன. பக்கத்தில் முயல் புழுக்கை கிடந்தது. பரிசோதனையில் முந்நூற்று இருபத்திரண்டு தேறின. சுனில்குமார் சார் எனக்குக் கைகொடுத்தார்.

இதைத் தருவதற்கு முன் தேதிகளை டைரியோடு ஒப்பிட்டேன். நான் போகும் நெய்யாற்றின்கரை மரவளர்ப்பு மாலை வகுப்பில் முயல் பற்றிய பாடம் நடந்தது ஜூன் பதினொன்று. 'சாய்வான வெட்டு என்றால் முயல்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அக்கா என் கையைப் பற்றிச் சொன்னது பதினான்கு. கம்புகளை நகர்த்தியது பதினாறு. மூன்று தேதியும் சரிதான், சார். மேலே 'அப்போது தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.