கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் டயரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் ஐயா, சொல்கிறேன். வெயில் காலத்துக்கென்றே செய்த டயர் எது, வருடம் முழுக்க ஓடும் டயர் எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெயில் டயரில் நகத்தை வைத்து அழுத்தினால் கொஞ்சம் உள்ளே இறங்கும். அவ்வளவு மிருதுவான ரப்பர்.

என் வக்கீல் நல்ல மனிதர். "மறந்துட்டேன்னு சொல்லுங்க, அது போதும்" என்கிறார். மறதிக்குப் பெரிய தண்டனை கிடையாதாம். இருக்கட்டும். ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவர்களிடம் எதைச் சாப்பிடலாம், எப்போது கொப்பளிக்கலாம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று சொல்லி அனுப்புவதுதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒருவரைக்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. இப்போது போய், கூடப்பிறந்த தம்பிக்கு மட்டும் சொல்ல மறந்தேன் என்று கையெழுத்துப் போட்டால் நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மறக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. நான்தான் வளர்த்தேன், அதுவும் வாயாலேயே வளர்த்தேன். தலையைத் துவட்டு, மென்று தின்னு, ரோட்டில் இரண்டு பக்கமும் பார். அவன் உடம்பில் ஒரு பழைய தழும்பு கிடையாது ஐயா. மருத்துவமனையில் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வளர்ந்த பிறகு எனக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தான். "ரேடியோ ஆரம்பிச்சிருச்சு, எல்லாரும் காதைப் பொத்திக்கங்க" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று இருந்துவிடுவேன்.

போன கோடைத் தொடக்கத்தில் அந்த மஞ்சள் காரை வாங்கினான். இரண்டே கதவு. தரையோடு தரையாக இருக்கும், ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். வண்டியோடு வந்த டயர்கள் வருடம் முழுக்க ஓடும் ரகம், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வேகமாகத் திருப்பினால் கீச்சென்று கத்துகின்றன, கேவலமாக இருக்கிறது என்றான். டயர் கடைக்கு அவனும், அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும், நானும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை என்று அந்தப் பெண் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். பின் இருக்கை என்று பேருக்கு ஒன்று இருந்தது, நானாக ஏறி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன்.

கடைக்காரர் மூன்று டயர்களை உருட்டிவந்து சுவரில் சாய்த்தார். முதலாவது நீண்ட நாள் உழைக்கும், ஓடுகிற சத்தமே கேட்காது. இரண்டாவது மழைத் தண்ணீரை நன்றாகப் பிரித்துத் தள்ளும். மூன்றாவதுதான் பந்தயப் பைத்தியங்கள் கேட்டு வாங்குவது. சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் சூடான ரோட்டில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்றார். தம்பி அந்த மூன்றாவதைத் தடவிப் பார்த்தான், அப்போதே முடிவாகிவிட்டது. நான்தான் கேட்டேன். மழையில் பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் போய் நிற்கும், டயரின் பக்கவாட்டு இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே, பள்ளத்தில் இறங்கினால் வெடிக்காதா, முன்னால் ஓர் அகலம் பின்னால் ஓர் அகலம் எதற்கு. கடைக்காரர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை.

"டயர் உனக்கா எனக்கா, அக்கா?"

"உனக்குத்தான்டா. அதனாலதான் கேக்குறேன்."

"ஐயோ, கொஞ்சம் வாயை மூடிட்டு இரேன். மானத்தை வாங்காத. இனிமே நானா கேட்டா மட்டும் சொல்லு, போதும்."

"அப்பாடா, ரேடியோவை அணைச்சாச்சு" என்றாள் அந்தப் பெண். கடைக்காரர் சிரித்தார். அங்கே நட்டு கழற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை.

டயர் மாட்டி முடித்ததும் அவர்கள் இருவரும் வெளியே காரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அம்மா, ஒரு விஷயம். இது வெயிலுக்குத்தான். நம்ம ஊருப் பனிக் குளிர் வந்தா இந்த ரப்பர் விறைச்சுப் போயிடும். ரோடு காஞ்சிருந்தாக்கூட வழுக்கும், பிரேக் நிக்காது. குளிருக்கு முன்னாடி பழைய டயரை மாட்டிடணும். தம்பிகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன். கடைக்காரர் கேட்ட போன் நம்பருக்கும் என்னுடையதைத்தான் கொடுத்தேன்.

வீடு திரும்பும்போது வாய் வரை வந்தது. அவன் கேட்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க வீடு அமைதியாக இருந்தது. அவன் நனைந்து வந்தாலும் நான் பேசவில்லை, சாப்பிடாமல் போனாலும் பேசவில்லை. "அக்கா எவ்ளோ நல்லா மாறிட்டாங்க" என்று அந்தப் பெண் என் எதிரிலேயே சொன்னாள். ஒருமுறை தம்பி என்னைக் காரில் கூட்டிப்போனான். வளைவில் வேகம் குறைக்காமலே திருப்பி, "பாத்தியாக்கா, எப்படிப் பிடிச்சுக்குது" என்று சின்னப் பிள்ளை போலக் குதித்தான். எனக்கு அவன்மேல் உயிர் ஐயா. அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். டயர்க்காரர் வேறு ஏதாவது சொன்னாரா அக்கா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒன்று விடாமல் சொல்லியிருப்பேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டவள்.

இலை கொட்ட ஆரம்பித்ததும் கடைக்காரர் போன் செய்தார்.

"அம்மா, தம்பி இன்னும் வண்டியைக் கொண்டு வரலையே. குளிர் ஆரம்பிச்சிருச்சு."

"வேற கடையில மாத்தியாச்சு" என்றேன்.

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். சும்மா இருந்தது வேறு, பொய் சொன்னது வேறு என்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லாவிட்டால் அவர் தம்பியின் நம்பரைக் கேட்டிருப்பார். அவரே அவனிடம் சொல்லியிருப்பார். அப்புறம் அவனுக்கு அக்கா எதற்கு?

அன்று காலை ரோடெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் தம்பி ஒரு பழைய அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் தனியாக இருக்க ஒரு வீடு பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தான். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். சாவியை எடுக்க உள்ளே வந்தவன் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா அப்படிப் பாக்குற? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வா."

கேட்டானே என்பீர்கள். ஒரு கால் வாசலுக்கு வெளியே, கையில் சாவி. அதற்குப் பேர் கேட்பதா? என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதவைத் திறந்துகொண்டேதான் "வேற ஏதாவது உண்டா?" என்பார்கள். பதில் வேண்டும் என்று கேட்பவன் நின்று கேட்பான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. லேசாக வழுக்கும், வேலியில் போய் முட்டும், கதவு நசுங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பட்டால்தானே புத்தி வரும்? உடம்பு நடுங்கத் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து கேட்பான் என்று அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் வெயிலே படாது என்பதும், அங்கே வேலி கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வழியாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். தெரிந்துதான் இருந்தேன். சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தவள் நான், வேறு யாரும் இல்லை. போதுமா?

ஆனால் கடைசிவரை சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது பொய். மருத்துவமனையில் அவன் இருந்த அறைக்குள் என்னைத் தனியாக விட்டார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. கண் பாதி திறந்திருந்தது. "அக்கா, ஏன் வழுக்குச்சு?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் கேட்டான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் எப்படி விறைக்கும், கடைக்காரர் என்ன சொன்னார், எந்த மாதத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் அவன் குறுக்கே பேசவில்லை, கேலி செய்யவில்லை, போனை எடுத்துப் பார்க்கவில்லை.

பாலத்தடியிலேயே உயிர் போய்விட்டது, உள்ளே கொண்டுவந்தது வெறும் உடம்பைத்தான் என்று என்னை உள்ளே விட்ட நர்ஸ் சொல்கிறாளாம். அவளுக்கு என்ன தெரியும்? அவள் வெளியே நின்றிருந்தாள். என் தம்பி கேட்டான், நான் சொன்னேன், அவன் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.